சிவக்காத உலோகத்துக்குப் பற்று வைப்பது

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வட்டாரத்தில் பற்றவைப்பு என்றால் வெள்ளிதான். கொலுசுப் பட்டறைகளில் வெங்காரம் தடவி, பற்றுப்பொடி வைத்து ஊதிப் பழகிய கைகள் இங்கே ஏராளம். உலோகம் சிவந்ததும் பொடி ஓடும், கண்ணே வெப்பமானி.

நான் செய்வது நாமக்கல் பாடி கட்டிய லாரிகளின் 1:16 மாதிரிகள். மேல் கேரியர், பின்பக்க ஏணி, பம்பர், டீசல் டேங்கைத் தாங்கும் பட்டை எல்லாம் அலுமினியம். இவற்றுக்கு வெள்ளிப் பட்டறைப் பாடம் பாதிதான் உதவும். வெள்ளி 962 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்கு வெகு முன்பே சிவந்து சொல்லிவிடும். அலுமினியம் 660-லேயே உருகிவிடும். பட்டறை வெளிச்சத்தில் அதுவரை ஒரு நிறமும் காட்டாது. ஆகவே நிறத்தை விட்டு வேறு அடையாளங்களைப் பார்க்கப் பழக வேண்டும்.

துண்டைத் தேர்வு செய்தல்

ஜன்னல் செய்யும் கடைகளில் வெட்டி மிஞ்சும் செக்ஷன் துண்டுகள் பெரும்பாலும் 6063 ரகம். இது 615 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும். பற்றாக உருக்கும், 12 சதவீதம் சிலிக்கான் கலந்த 4047 ராடு 580-ஐ ஒட்டி ஓடும். நமக்குக் கிடைக்கும் இடைவெளி சுமார் 35 டிகிரி. 2024, 7075 போன்ற ரகங்களில் அந்த இடைவெளியும் இல்லை. ராடு ஓடும் முன்பே துண்டு இளகிவிடும். அனோடைஸ் செய்ததோ பவுடர் கோட்டிங் அடித்ததோ என்றால், வெற்று உலோகம் தெரியும்வரை எமரித் தாளால் தேய்த்துவிடுங்கள்.

மேல்தோலை நீக்குதல்

காற்றுப் பட்டதுமே அலுமினியத்தின்மேல் ஆக்சைடு படலம் மூடிக்கொள்ளும். அது உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். ஏற்காட்டு பாக்சைட்டில் அலுமினியத்தைக் கட்டிவைத்திருப்பதும் ஆக்சிஜன்தான்; மேட்டூர் மால்கோ ஆலை அதைப் பிரிக்க மின்சாரத்தைக் கொட்டவேண்டியிருந்தது. வெங்காரத்துக்கு இந்தப் படலம் அசையாது. அலுமினியத்துக்கென்றே விற்கும் ஃபிளக்ஸ்தான் வேண்டும்.

முதலில் அசிட்டோனில் எண்ணெய்ப் பசையைத் துடைத்து, பிறகு ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால் தேய்த்து, உடனே ஃபிளக்ஸ் தடவுகிறேன். எண்ணெய் போகும் முன் தேய்த்தால் பசை உலோகத்துக்குள் இறங்கிவிடும். அந்த பிரஷ்ஷை இரும்பின் பக்கம் கொண்டுபோவதில்லை. மூட்டில் ஒரு காகிதம் நுழையும் இடைவெளி, அதாவது 0.1 மில்லிமீட்டர், இருந்தால் ராடு தானாக உள்ளே இழுபடும்.

சூட்டை அறிதல்

அலுமினியம் இரும்பைவிடச் சுமார் மூன்று மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். வைஸில் பிடித்தால் சூடெல்லாம் வைஸுக்கே போய்விடும். வெப்பம் தாங்கும் செங்கல்மேல் வைத்து, மெல்லிய ஸ்டெயின்லெஸ் கம்பியால் கட்டுங்கள். கனமான பக்கத்தை முதலில் சூடாக்குங்கள். மெல்லிய பக்கம் தானே பின்தொடரும்.

மூட்டுக்குச் சற்றுத் தள்ளி சோப்பால் ஒரு கோடு போடுங்கள். அது கறுத்தால் பாதி தூரம் வந்தாயிற்று. ஃபிளக்ஸ் உருகித் தண்ணீர்போல் தெளிந்தால் நேரம் நெருங்கிவிட்டது. இப்போது தீயை விலக்கி ராடைத் தொடுங்கள். தீயின் சூட்டில் உருகும் ராடு மேலே முத்தாக நிற்கும். துண்டின் சூட்டில் உருகுவதே மூட்டுக்குள் ஓடும்.

அடுத்தடுத்த மூட்டுகள்

ஏணியில் இரண்டாவது படியைச் சூடாக்கினால் முதல் படி கழன்றுவிடும். எல்லாப் படிகளையும் ஒரே அச்சில் அடுக்கி, ஒரே சூட்டில் முடிப்பது நல்லது. முடியாவிட்டால், பின்னால் வரும் மூட்டுக்குத் துத்தநாகம் கலந்த ராடு. அது 400 டிகிரியை ஒட்டியே உருகிவிடும், ஃபிளக்ஸும் வேண்டாம். ஆனால் உருகிய குழம்புக்கு அடியில் ஸ்டெயின்லெஸ் கம்பியால் சுரண்டினால்தான் பிடிக்கும். இடைவெளிக்குள் அவ்வளவாக ஓடாது. மேலே திரளும், அரம் போட்டுச் சீராக்க வேண்டும்.

முடித்தபின்

குளோரைடு ஃபிளக்ஸின் மிச்சம் உலோகத்தை அரிக்கும். வெந்நீரில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவாவிட்டால் பெயின்டுக்கு அடியில் வெள்ளையாகப் பூக்கும். புகையில் ஃபுளோரைடோ துத்தநாகமோ இருக்கலாம். வேலையை மொட்டைமாடியிலோ முற்றத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். சுடும் துண்டும் ஆறிய துண்டும் பார்வைக்கு ஒன்றுதான். இடுக்கியில்லாமல் எதையும் எடுக்காதீர்கள்.

சூடு பட்ட 6063 தன் விறைப்பை இழக்கும். அதனால் கொக்கி, பம்பர் போன்றவற்றுக்கு ஒரு சுற்று கனமான தகடு எடுக்கிறேன்.

அசல் பாகத்தைத் தொடும் முன், அதே செக்ஷனில் மிஞ்சிய இரண்டு துண்டுகளைப் பற்றவைத்து இடுக்கியால் வளைத்துப் பாருங்கள். தகடு வளைந்து மூட்டு நின்றால் ஏணியில் கை வைக்கலாம். மூட்டு உரிந்து அடியில் வெறும் உலோகம் பளிச்சென்று தெரிந்தால், சூட்டைக் கூட்டாதீர்கள்; பிரஷ்ஷை எடுங்கள்.