மோனையை எடுத்துவிட்டுப் படித்துப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

பேச்சுப்போட்டிக்காக நீ எழுதி அனுப்பிய உரையைப் படித்தேன். 'கைபேசி: வரமா, சாபமா?' என்ற தலைப்பில் சாபம் என்று பேசப் போகிறாய். உனக்குக் குரல் இருக்கிறது, சொல்வளமும் இருக்கிறது. நீ சொன்னால் கூட்டம் நம்பும். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

"கைபேசி கைக்கு வந்தது, கல்வி கைநழுவிப் போனது" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் கைதட்டல் நிச்சயம். எதற்காகத் தட்டுவார்கள் என்று யோசித்தாயா? மோனை அடுக்கடுக்காக விழுகிறது; இரண்டு பாதியும் ஒன்றுக்கொன்று சரியாக எடை நிற்கின்றன. காது நிறைந்துபோகிறது. அந்த நிறைவிலேயே, முன்னது வந்ததால்தான் பின்னது போனது என்று மனமும் ஒப்புக்கொண்டுவிடுகிறது. காரணம் என்று நீ எதையுமே சொல்லவில்லை. காரணம் சொன்ன வேலையை ஓசை செய்துவிட்டது.

இப்போது மோனையை எடுத்துவிட்டுப் படித்துப் பார்: "செல்போன் வந்ததால் பிள்ளைகளின் படிப்பு கெட்டது." உடனே 2020 நினைவுக்கு வருகிறதல்லவா? பள்ளிகள் மூடிக் கிடந்தபோது செல்போன் இருந்த வீட்டுப் பிள்ளைகள் ஓரளவாவது படித்தார்கள். இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் படிப்பு அறுந்தது. எதிரணியில் ஒரு பிள்ளை எழுந்து இதைச் சொன்னால் உன்னிடம் பதில் இல்லை.

"இதைவிடக் கொடுமை உண்டா?" என்று வேறோர் இடத்தில் கேட்கிறாய். கூட்டம் மனசுக்குள் "இல்லை" என்று சொல்லிக்கொள்ளும். தானே சொல்லிக்கொண்ட பதிலை யாரும் லேசில் சந்தேகப்பட மாட்டார்கள். உறவு சொல்லி அழைப்பதும் அப்படித்தான். அண்ணா 'திராவிட நாடு' இதழில் 'தம்பிக்கு' என்று எழுதினார். கலைஞர் முரசொலியில் 'உடன்பிறப்பே' என்று எழுதினார். முகம் தெரியாத எத்தனையோ பேரை அந்தச் சொற்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக்கின. உறவான பிறகு மறுத்துப் பேச நாக்கு கூசும். பேசுகிறவனுக்கு அது எத்தனை பெரிய பொறுப்பு என்று நினைத்துப் பார்.

அடுத்து உவமை. இந்தி பேசுவோரே பெரும்பான்மை, அதனால் இந்தியே ஆட்சிமொழி என்ற வாதத்துக்கு மாநிலங்களவையில் அண்ணா சொன்ன பதிலை நீ கேட்டிருப்பாய்: எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் தேசியப் பறவையாக மயிலை அல்ல, காகத்தைத் தேர்ந்திருக்க வேண்டும் என்றார். கேட்பவர் சிரிக்கும்போதே எதிர்வாதத்தின் அடித்தளம் ஆடிவிடுகிறது. ஆனால் அந்த உவமை நிறுவுவது ஒன்றைத்தான்: எண்ணிக்கை மட்டும் போதாது என்பதை. அதற்கு மேல் அதை இழுத்தால் அறுந்துவிடும். அண்ணாவும் அதோடு நிற்கவில்லை. இந்தி பேசுவோர் நாடெங்கும் பரவியிருக்கவில்லை, சில மாநிலங்களில்தான் செறிந்திருக்கிறார்கள் என்ற வாதத்தையும் சேர்த்தே வைத்தார். உன் உரையில் உவமைகள் நிறைய. அவற்றின் பின்னால் நிற்க ஆளில்லை.

நம் இலக்கியத்தில் ஆகச் சிறந்த வாதுரை எது என்று கேட்டால், சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைத்தான் சொல்வேன். அரசியின் சிலம்பைத் திருடினான் என்று தன் கணவனைக் கொன்ற பாண்டியனிடம் கண்ணகி நீதி கேட்கும் இடம் அது. அவளிடமும் உத்தி இருக்கிறது. தன் பெயரை எடுத்த எடுப்பில் அவள் சொல்வதில்லை. புறாவுக்காகத் தன்னையே தந்த சோழனையும், கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனையும் முதலில் நிறுத்துகிறாள். அப்படிப்பட்டவர்களின் புகார் என் ஊர் என்கிறாள். பாண்டியனின் நீதி அங்கேயே சிறுத்துப்போகிறது. ஆனாலும் அவன் அசையவில்லை. கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அல்ல என்கிறான்.

அப்போதுதான் அவள், என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான் அவன். இருவரும் சொன்ன பிறகே சிலம்பு அவைக்கு வருகிறது, உடைகிறது. உள்ளே முத்து இருந்திருந்தால் அந்த நொடியில் கண்ணகியின் வழக்கு தோற்றிருக்கும். தான் தோற்பதற்கான வழியை அவளே அவையின் கையில் கொடுத்தாள். மாணிக்கம் தெறித்தது. அதற்குமேல் அரசனிடம் மறுசொல் இல்லை; தானே கள்வன் என்று சொல்லி உயிர் விட்டான்.

உன் உரையில் அப்படி உடைத்துப் பார்க்கக்கூடிய ஒன்று வேண்டும். உன் வகுப்பிலேயே கேள்: இரவு எத்தனை மணி வரை செல்போன் பார்க்கிறார்கள், காலையில் எத்தனை பேர் தூங்கி வழிகிறார்கள். வருகிற விடையை, உனக்குச் சாதகமோ பாதகமோ, அப்படியே மேடையில் வை. மோனை அதன் பிறகு வரட்டும். அது நம் மொழியின் அழகு, நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். உன்னை நம்பி உட்கார்ந்திருப்பவர்களில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் இருப்பார்கள். அந்த 'கைநழுவிப் போன' வரியை அடித்துவிட்டு, திருத்திய உரையை ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அக்கா