குளத்தோரத்தில் போர்டு மாட்டினால் போதுமா?

நம்பிக்கை: தண்ணீரில் தத்தளிப்பவர் கத்திக் கூப்பிடுவார், கையை ஆட்டுவார்.
உண்மை: அது சினிமாவில். மூச்சுக்கே வழியில்லாதவருக்குக் குரல் எங்கிருந்து வரும்? வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வரும். சத்தமே இல்லாமல் ஒரு நிமிடத்துக்குள் மூழ்கிவிடலாம். விளையாடுகிறார் என்றே பக்கத்தில் இருப்பவர் நினைப்பார்.

நம்பிக்கை: லைஃப்கார்டு என்று ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துவிட்டால் ஹோட்டலின் கடமை தீர்ந்தது.
உண்மை: கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் கோவளத்தில் நடத்தும் ஹோட்டலில், 2006இல் குடும்பத்தோடு தங்க வந்த ஒருவர் நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்தார். லைஃப்கார்டு இருந்தார். ஆனால் மது பரிமாறும் வேலையையும் அவர் தலையிலேயே கட்டியிருந்தார்கள். கிளாஸைப் பார்ப்பாரா, குளத்தைப் பார்ப்பாரா? தேசிய நுகர்வோர் ஆணையம் இதைச் சேவைக் குறைபாடு என்று சொல்லி 62.5 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆள் மிச்சம் பிடிக்கும் ரிசார்ட் முதலாளிகள் இந்தத் தீர்ப்பை ஒருமுறையாவது படிக்க வேண்டும்.

நம்பிக்கை: 'அவரவர் சொந்தப் பொறுப்பில் குளிக்கவும்' என்று எழுதி வைத்தால் வழக்கு நிற்காது.
உண்மை: அதே 2019இல், டெல்லி ஹோட்டல் ஒன்றின் பார்க்கிங்கில் திருடுபோன கார் பற்றிய வழக்கில், டோக்கனில் 'உரிமையாளர் பொறுப்பு' என்று அச்சடித்ததைக் காட்டித் தன் கவனக்குறைவிலிருந்து ஹோட்டல் தப்ப முடியாது என்றது உச்ச நீதிமன்றம். காருக்கே அப்படியென்றால் உயிருக்கு?

நம்பிக்கை: நீச்சல் தெரிந்தவர் அடிபட்டால் அது அவர் தப்பு.
உண்மை: 1972இல் டெல்லியின் ஐந்து நட்சத்திர ஹோட்டலில் ஜெர்மானியத் துணை விமானி ஒருவர் டைவ் அடித்தார். தலை தரையில் மோதியது, உடல் செயலிழந்தது. டைவிங் போர்டு இருந்தால் அதற்கேற்ற ஆழமும் இருக்கும் என்றுதானே யாரும் நம்புவார்கள்? குளத்தின் வடிவமைப்பிலேயே கோளாறு என்று கண்ட டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி, 1997இல் 50 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னார். வழக்குத் தொடுத்தவர் 1985இலேயே இறந்துவிட்டிருந்தார். மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. காரணம் குளம் அல்ல. அவர் இறந்தபோதே வழக்குரிமையும் போய்விட்டதாம்.