ஸ்டாண்ட் வாங்கும் முன் இன்ச் டேப்பை எடுங்கள்

லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை. கைக்கு வாகான உயரத்தில் வைத்தால் தலை குனிகிறது. கண்ணுக்கு நேராகத் தூக்கினால் தோள் ஏறுகிறது, மணிக்கட்டு மடங்குகிறது. எந்த ஸ்டாண்டும் தனியாக இதைத் தீர்க்காது. கழுத்து வலியைத் தோள்பட்டைக்கு இடம் மாற்றும், அவ்வளவுதான். ஆகவே தனிக் கீபோர்டு, மவுஸ் இரண்டையும் கணக்கில் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். எல்லாவற்றுக்கும் இப்போது கையில் காசில்லை என்றால் கீபோர்டையும் மவுஸையும் முதலில் வாங்குங்கள். ஸ்டாண்டின் வேலையைக் கொஞ்ச நாள் தடித்த புத்தகங்கள் பார்த்துக்கொள்ளும்.

பெரியவர்களின் தலை சுமார் 5 கிலோ எடை. நிமிர்ந்திருந்தால் அது முதுகெலும்பின் மேல் நேராக இறங்கும். குனியக் குனியப் பின்கழுத்துத் தசைகள்தான் தலையை இழுத்துப் பிடிக்க வேண்டும். அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் வெளியிட்ட கணக்கின்படி, 30 டிகிரி குனிந்தால் கழுத்தில் விழும் சுமை சுமார் 18 கிலோ. 60 டிகிரியில் 27 கிலோ. இது கணினி மாதிரியை வைத்துப் போட்ட கணக்கு, ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் சில சென்டிமீட்டர் உயரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை அது காட்டிவிடுகிறது.

உங்கள் உயரம் எவ்வளவு?

வழக்கமாக வேலை செய்யும் நாற்காலியில் முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படிய உட்காருங்கள். நேரே பாருங்கள். மேசைப் பலகையிலிருந்து உங்கள் கண் வரை உள்ள உயரத்தை வீட்டில் ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். பிறகு லேப்டாப்பை மேசையில் திறந்து வைத்து, திரையின் மேல் விளிம்பு வரை அளந்து கழியுங்கள். கண் 42 செ.மீ., திரை 22 செ.மீ. என்றால் உங்களுக்கு வேண்டியது 20 செ.மீ. திரையின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேராகவோ இரண்டு மூன்று செ.மீ. கீழாகவோ இருக்கலாம் என்பதால் 17 முதல் 20 வரை சரி. பைஃபோகல், புரோகிரசிவ் கண்ணாடி போடுபவர்கள் இன்னும் தாழ்த்தி வைக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் படிக்க முகவாயைத் தூக்குவார்கள். அதுவும் கழுத்துக்குக் கேடு.

கிடைத்த அளவைச் சோதித்துப் பார்க்க A4 தாள் கட்டுகள் போதும். 500 தாள் கட்டு ஒன்று ஏறக்குறைய 5 செ.மீ. தடிமன் இருக்கும். தேவையான அளவுக்கு அடுக்கி ஒரு வாரம் வேலை செய்தால், எந்த உயரம் ஒத்துவருகிறது என்பது கடைக்குப் போகும் முன்பே தெரிந்துவிடும்.

எது யாருக்கு?

*மடக்கும் எக்ஸ் வகை:* மடித்தால் பைக்குள் அடங்கிவிடும், விலையும் குறைவு. ஆனால் பின்பக்கம் மட்டுமே நன்றாக உயரும், முன்பக்கம் தாழ்ந்தே இருக்கும். லேப்டாப் சரிந்து நிற்பதால் மூடியை வழக்கத்தைவிட அதிகமாகத் திறக்க வேண்டும். உங்கள் மூடி அவ்வளவு திறக்குமா என்று முதலில் பாருங்கள். அலுவலகம், வீடு, நூலகம் என்று அலைபவர்களுக்கும், அதிக உயரம் தேவைப்படாதவர்களுக்கும் இது போதும்.

*ஒரே உயர அலுமினிய ஸ்டாண்ட்:* மூட்டே இல்லாததால் ஆட்டமும் இல்லை. உங்கள் அளவோடு பொருந்தினால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கணவனும் மனைவியும் ஒரே மேசையை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் வீட்டுக்கு ஒத்துவராது.

*இரண்டு மூட்டு உள்ள இசட் வகை:* உயரத்தையும் சாய்வையும் தனித்தனியாக மாற்றலாம். வீட்டிலிருந்தே வேலை செய்யும் பெரும்பாலோருக்கு இதைத்தான் சொல்வேன். மூட்டு இறுக்கமாக இருந்து இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள், அந்த இறுக்கம்தான் திரையைத் தாங்குகிறது. இரண்டரை கிலோ கேமிங் லேப்டாப் என்றால் எவ்வளவு எடை தாங்கும் என்று கேட்டு வாங்குங்கள்.

*மேசை விளிம்பில் கவ்வும் கை:* மேசை முழுக்கக் காலியாகும். விலை அதிகம். கண்ணாடி மேசையிலும் மெல்லிய பலகையிலும் மாட்டக் கூடாது.

*ஃபேன் வைத்த கூலிங் பேட், கட்டில் மேசை:* கூலிங் பேட் சூட்டைக் குறைக்க வந்தது, சில செ.மீ.தான் உயரும். கட்டில் மேசையிலும் திரை மடியை ஒட்டியே நிற்கும். கழுத்துக்காக இரண்டையும் வாங்காதீர்கள்.

*தனி மானிட்டர்:* நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை என்றால், நல்ல ஸ்டாண்டுக்குச் செலவிடும் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து மானிட்டர் வாங்குவதே மேல். எழுத்தும் பெரிதாகத் தெரியும்.

கடையில் சோதிக்க எளிய வழி உண்டு. ஸ்டாண்டின் மேல் லேப்டாப்பைத் திறந்து வைத்து, பக்கத்தில் மேசையை விரலால் நான்கு தட்டுத் தட்டுங்கள். திரை நடுங்கிக்கொண்டே இருந்தால் வேண்டாம். முன்பக்கக் கொக்கியையும் பாருங்கள். அதில் ரப்பர் இருக்க வேண்டும், மூடியைத் திறக்க விரல் நுழையும் இடத்தை அது மறைக்கக் கூடாது.

பொருத்தும்போது

திரை உங்களுக்கு நேர் எதிரே, கை நீட்டினால் விரல் தொடும் தூரத்தில் இருக்கட்டும். கீபோர்டு உடலுக்கு அருகில், முழங்கை பக்கவாட்டில் ஏறக்குறைய 90 டிகிரியில். மவுஸ் கீபோர்டை ஒட்டி. நம் மேசைகள் பெரும்பாலும் 75 செ.மீ. உயரம், குள்ளமானவர்களுக்கு அது அதிகம். நாற்காலியை உயர்த்தினால் கால் தொங்கும், அப்போது ஒரு மணைப்பலகையைக் காலடியில் போடுங்கள். சார்ஜர் வயர் லேப்டாப்பை இழுக்காத அளவுக்குத் தொய்வு வேண்டும், காற்று போகும் ஓட்டைகளை எதுவும் அடைக்கக் கூடாது.

இவ்வளவும் செய்த பிறகும் முன்னால் எட்டிப் பார்க்கிறீர்களா? குறை ஸ்டாண்டில் இல்லை, எழுத்து சிறியது. அளவை 125 சதவீதமாக்குங்கள். அப்போதும் கண் சுருங்கினால் கண் மருத்துவரைப் பாருங்கள்.

தரையில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கும் கணக்கு ஒன்றுதான். முதுகைச் சுவரில் சாய்த்து, கீபோர்டு மடிமேல் பலகையில், திரை எதிரே தாழ்ந்த மேசையின் மேல் ஸ்டாண்டில். மேசைப் பலகைக்கும் கண்ணுக்கும் உள்ள உயரத்தை அளந்து, முன்போலவே கழியுங்கள்.

எவ்வளவு சரியாக உட்கார்ந்தாலும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும். பகலெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தவர் இரவில் இரண்டு மணி நேரம் குனிந்து போன் பார்த்தால் ஸ்டாண்டைக் குறை சொல்லிப் பயனில்லை. வலி கைக்கு இறங்கினாலோ, விரல் மரத்தாலோ, டம்ளரைப் பிடிக்கும் பிடி தளர்ந்தாலோ, சோதனை செய்து பார்க்கும் கட்டம் முடிந்தது என்று பொருள். அடுத்த ஸ்டாண்டைத் தேடாமல் மருத்துவரிடம் போங்கள்.