மண்ணெண்ணெய்க்கு அடங்காத கரையான்

கேள்வி: மழைக்கு மறுநாள், மூடிய ஜன்னல் ஓரம் ஈசல் சிறகுகள் குவிந்து கிடந்தன. கதவு நிலையில் மண்கோடு ஏறுகிறது. மண்ணெண்ணெய் ஊற்றியும் திரும்ப வந்துவிட்டது. என்ன செய்வது?
- வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, ஈசல் என்பது சிறகு முளைத்த கரையான்தான். விளக்கைத் தேடி வெளியிலிருந்து வருவதும் உண்டு. ஆனால் ஜன்னல் மூடியிருந்தது, மண்கோடும் இருக்கிறது என்றால் வீட்டுக்குள் வழி போட்டுவிட்டது. மண்கோட்டை விரற்கடை அளவு சுரண்டிவிட்டு இரண்டு நாள் பாருங்கள். மறுபடி அடைத்திருந்தால் நடமாட்டம் இருக்கிறது. அடைக்காவிட்டாலும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், வேறு பக்கம் ஏறியிருக்கலாம். நிலையைத் தட்டிப் பாருங்கள். வெற்றொலி கேட்கும் இடத்தில் உள்ளே தின்றிருக்கும்.

மண்ணெண்ணெய் பட்டது மட்டும் சாகும். ராணியோ மண்ணுக்கடியில் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். தீப்பிடிக்கும் அபாயம் வேறு. தயவுசெய்து இனி ஊற்றாதீர்கள். சுவரும் தரையும் சேருமிடத்தில் வரிசையாகத் துளையிட்டு, இமிடாகுளோப்ரிட் போன்ற மருந்தை மண்ணுக்குள் செலுத்த வேண்டும். இந்த மருந்து இருப்பது கரையானுக்குத் தெரியாது. அதனூடே நடந்து, கூட்டத்தில் மற்றவற்றுக்கும் ஒட்டவைக்கும். பயிற்சி பெற்றவர்களைக் கொண்டே செய்யுங்கள். வீட்டில் கிணறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கசியும் குழாயை உடனே சரிசெய்யுங்கள். ஈரம் இல்லாமல் இந்தக் கரையான் பிழைக்காது. அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். தரையில் அட்டைப்பெட்டிக்குள் பழைய கல்யாண ஆல்பம், வீட்டுப் பத்திரம் இருந்தால் இன்றைக்கே எடுத்து மேலே வைத்துவிடுங்கள். கதவை மாற்றிக்கொள்ளலாம், அவற்றை மாற்ற முடியாது.