கொல்கத்தாவுக்கு அவே மேட்ச் போகும் பிள்ளைகளுக்கு

முதன்முறையாக நம் சென்னை அணியின் நீல ஜெர்சியைப் பையில் எடுத்துக்கொண்டு கொல்கத்தாவுக்குக் கிளம்பும் தம்பி தங்கைகள் சிலர், "மேட்ச் ராத்திரிதானே ஐயா, பகலில் எங்கே சுற்றலாம்?" என்று கேட்டிருந்தீர்கள். விக்டோரியா நினைவு மண்டபம், காளி கோயில், பார்க் ஸ்ட்ரீட் என்று ஒரு பட்டியலை யார் வேண்டுமானாலும் கொடுத்துவிடுவார்கள். வேலை நிமித்தமாக அந்த ஊரில் குடியிருந்தவன், நம் அணிக்காக அங்கே போய்த் தொண்டை கட்டக் கத்தியவன் என்ற உரிமையில் நான் சொல்வது வேறு. கொல்கத்தா இந்தியக் கால்பந்தின் தாய்வீடு. ஓட்டல் அறையையும் கேலரியையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். அந்த ஊரில் கால்பந்து எங்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கெல்லாம் போய்ப் பாருங்கள். ஊரைச் சுற்றிப் பார்த்ததாகவும் ஆகிவிடும்.

1. மேட்ச் நாளன்று போய் இறங்காதீர்கள். முந்தைய நாளே அங்கே இருக்க வேண்டும். சென்ட்ரலில் காலையில் ஏறினால் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் மறுநாள் முற்பகலில் ஷாலிமாரில் இறக்கிவிடும். டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டத்தால் ரயிலும் தாமதமாகும், விமானமும் தாமதமாகும். இன்னொன்று, கொல்கத்தா கிழக்கே இருப்பதால் குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். நம் ஊர்ப் பழக்கத்தில் பத்து மணிக்கு எழுந்து ஊர் சுற்றக் கிளம்பினால் பாதிப் பகல் போய்விடும். ஸ்வெட்டர் அவசியம். ராத்திரி கேலரியில் குளிர் நன்றாகவே தெரியும்.

2. ஷாலிமார், ஹௌரா இரண்டுமே ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கின்றன. ஊருக்குள் போக டாக்சியைத் தேடாமல் ஹௌரா நிலையத்துக்கு எதிரே இருக்கும் படகுத்துறைக்கு வாருங்கள். சில ரூபாய் டிக்கெட்டில் அக்கரை போய்விடலாம். 1943இல் திறந்த ஹௌரா பாலத்தை ஆற்றிலிருந்து அண்ணாந்து பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லாமல் நிற்கிற பாலம் அது. நட்டும் போல்ட்டும் கிடையாது, முழுக்க ரிவிட் அடித்துக் கோத்தது. அக்கரையில் பாலத்தின் காலடியிலேயே மல்லிக் காட் பூச்சந்தை இருக்கிறது. விடியற்காலையில் போக வேண்டும். ஆரஞ்சும் மஞ்சளுமாகத் துலுக்கச் சாமந்தி மாலைகளைக் கயிற்றுச் சுருளாகத் தலையிலும் தோளிலும் சுமந்துகொண்டு ஆட்கள் ஓடுவார்கள். கூடைக்காரருக்கு வழி விடுங்கள். நடுவழியில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள்.

3. இதுதான் முக்கியம். 'மைதான்' என்கிற பெரிய புல்வெளிக்குப் போகாமல் ஸ்டேடியத்துக்குப் போகாதீர்கள். பாபுகாட்டில் படகை விட்டு இறங்கி ஈடன் கார்டனை ஒட்டி நடந்தால், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்ற மூன்று கிளப்புகளும் ஒன்றுக்கொன்று நடக்கிற தூரத்தில் இருக்கும். பெரிய கட்டடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். மைதான் நிலம் ராணுவத்துக்குச் சொந்தமானது, நினைத்தபடி அங்கே எழுப்பிவிட முடியாது. அதனால்தான் நூறு வருடத்துக்கு மேல் பழமையான அந்த கிளப்புகளின் இடத்தை இன்றைக்கும் 'டென்ட்' என்றே சொல்கிறார்கள். வாசலில் இருப்பவரிடம் சென்னையிலிருந்து மேட்ச் பார்க்க வந்திருக்கிறோம் என்று சொல்லி, உள்ளே போகலாமா என்று கேளுங்கள். உறுப்பினர் நேரமாக இருந்தால் மறுப்பார்கள், வற்புறுத்தக் கூடாது. ஆனால் சென்னை என்றதும் முகம் மலர்கிறவர்கள் அங்கே அதிகம்.

1911 ஜூலை 29 அன்று இந்த மைதானில்தான் மோகன் பகான் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டத்தில் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்றது. எதிரணி பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள். நம்மவர்களில் சுதீர் சாட்டர்ஜி ஒருவர்தான் பூட்ஸ் போட்டிருந்தார், மற்ற பத்துப் பேரும் வெறுங்கால். கோல் அடித்தவர்கள் கேப்டன் சிவதாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும். கூட்டத்தில் தூரத்தில் நின்றவர்களுக்குப் பட்டம் விட்டு ஸ்கோர் தெரிவித்தார்களாம். அந்தப் புல்வெளி ஓரத்தில் ஐந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். மோகன் பகான்மீது நமக்கு எத்தனை போட்டி இருந்தாலும், அன்றைக்கு ஜெயித்தது நாமெல்லோரும்தான்.

கிளப் கேன்டீன்களில் கிடைக்கிற கோழி ஸ்டூவையும் டோஸ்டையும் விடாதீர்கள். மசாலா இல்லாத, தண்ணியான, மிளகுத் தூள் மிதக்கிற குழம்பு. அதில் ஒரு துண்டுக் கோழியும் வெந்த காய்கறியும் கிடக்கும். வெண்ணெய் தடவிய ரொட்டியை நனைத்துச் சாப்பிட வேண்டும். பயிற்சி முடித்து வருகிற ஆட்டக்காரர்களுக்கான சாப்பாடாம். முதல் கரண்டியில் சப்பென்று இருக்கும், கிண்ணம் காலியாகும்போது பிடித்துப்போகும்.

அங்கிருந்து கிளம்புமுன் கோஷ்டோ பால் சிலைக்கு ஒரு வணக்கம் போடுங்கள். மோகன் பகானின் தடுப்பாட்டக்காரர். சீனப் பெருஞ்சுவர் என்று பெயர் வாங்கியவர். 1962இல் பத்மஸ்ரீ பெற்றவர், கால்பந்துக்காரர்களில் முதல் ஆள். நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

4. நிறம் பார்த்து உடுத்துங்கள். சிவப்பும் பொன்மஞ்சளும் சேர்ந்தால் ஈஸ்ட் பெங்கால். பச்சையும் மெரூனும் மோகன் பகான். கறுப்பு வெள்ளை முகமதன். நம் நீலத்தில் ஊர் முழுக்கத் தயங்காமல் நடக்கலாம், கூப்பிட்டுப் பேசுவார்கள். ஆனால் தெரியாத்தனமாகச் சிவப்பு சட்டையில் மஞ்சள் துண்டு போட்டுக்கொண்டு மோகன் பகான் டென்ட்டுக்குள் போய் நிற்காதீர்கள்.

5. மீன் விஷயத்திலும் கட்சி உண்டு. ஈஸ்ட் பெங்கால்காரர்களுக்கு இலிஷ், மோகன் பகான்காரர்களுக்கு இறால். கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் ஒரு பக்கம், மேற்கு வங்கத்துப் பூர்வீகக் குடும்பங்கள் இன்னொரு பக்கம் என்று பிரிந்த கதை அது. ஜெயித்த அன்று அந்தந்த மீனுக்குச் சந்தையில் கிராக்கி ஏறும். இலிஷ் மழைக்கால மீன். குளிர்காலத்தில் கிடைப்பது பெரும்பாலும் ஐஸில் கிடந்தது, விலையும் கடிக்கும், முள்ளும் அதிகம். அந்த நேரத்தில் பேட்கி மீனோ, தேங்காய்ப்பால் விட்ட இறால் மலாய்க்கறியோ வாங்கிச் சாப்பிடுங்கள். கையில் காசு குறைவென்றால் முட்டை ரோல். தோசைக்கல்லில் பராட்டா பாதி வெந்ததும் அதன்மேல் முட்டையை உடைத்து ஊற்றி, திருப்பிப் போட்டு, வெங்காயம் பச்சைமிளகாய் தூவி எலுமிச்சை பிழிந்து காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார்கள். மேட்சுக்கு முன்னால் அது போதும். பிரியாணியில் முழு உருளைக்கிழங்கு இருந்தால் சண்டை பிடிக்காதீர்கள், அந்த ஊர் முறை அது.

6. இட்லி ஏக்கம் வந்தால் லேக் மார்க்கெட் பக்கம் போங்கள். தமிழர்கள் பல தலைமுறையாகக் குடியிருக்கிற பகுதி. ராஷ்பிகாரி அவென்யூவில் கோமளா விலாஸ், பனானா லீஃப் போன்ற ஓட்டல்கள் உண்டு. தோசைக்காக மட்டும் போகாதீர்கள். பக்கத்து மேசைப் பெரியவரிடம் பேச்சுக் கொடுங்கள். வீட்டில் தமிழும் தெருவில் வங்காளமும் பேசி வளர்ந்த பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். நம் கேலரிக்கு வாருங்கள் என்று கூப்பிட்டால் சிலர் நிச்சயம் வருவார்கள்.

7. கொல்கத்தாக்காரர்களிடம் பேசத் தயங்காதீர்கள். ஆண்களைத் 'தாதா' என்றும் பெண்களைத் 'திதி' என்றும் கூப்பிட்டால் போதும், பாதி வங்காளி ஆகிவிடுவீர்கள். கால்பந்து பேசினால் டாக்சி ஓட்டுநர்கூட வண்டியை மெதுவாக்கிவிடுவார். நம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து போன மைக்கேல் சூசைராஜை அங்கே எல்லோருக்கும் தெரியும். 2019-20 சீசனில் கொல்கத்தாவின் ஏடிகே அணி ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றபோது அந்த அணியில் இருந்தவர். இறுதியில் 3-1 என்று தோற்றது நம் அணி. அந்தப் பேச்சை அவர்களே எடுப்பார்கள், சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள். யாருடைய பூர்வீகத்தையும் அகதிக் கதையையும் வைத்துக் கோஷம் போடாதீர்கள். அவர்களுக்குள் அவர்கள் சொல்லிக்கொள்ளலாம், விருந்தாளி சொல்லக் கூடாது.

8. ஸ்டேடியத்துக்கு மெட்ரோவில் போங்கள். ஹௌராவிலிருந்து பச்சை வழித்தடம். ஹூக்ளிக்கு அடியில் 520 மீட்டர் சுரங்கம், முக்கால் நிமிடத்தில் கடந்துவிடும். ஆற்றுக்கடியில் மெட்ரோ ஓடுகிற முதல் இடம் இந்தியாவில் இதுதான். எஸ்பிளனேட், சியால்தா, பூல்பாகான் தாண்டினால் சால்ட் லேக் ஸ்டேடியம் நிலையம். வெளியே வந்தால் எதிரிலேயே விவேகானந்த யுவபாரதி கிரிராங்கன். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். மேட்ச் முடிந்ததும் பைபாஸ் சாலையில் வண்டி கிடைப்பது பெரும்பாடு. பவர்பேங்க், தண்ணீர் பாட்டில், சில்லறைக் காசு எதையும் உள்ளே விடமாட்டார்கள். பையை அறையிலேயே வைத்துவிட்டு வருவது உத்தமம்.

9. நுழைவாயிலில் யாராவது முண்டினால், படிக்கட்டில் தள்ளுமுள்ளு ஆரம்பித்தால், ஒதுங்கி நில்லுங்கள். இதைக் கெஞ்சிச் சொல்கிறேன். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தின்போது கேலரியில் மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் இறந்துபோனார்கள். மேட்ச் பார்க்கப் போன பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. அந்த நாளைக் கொல்கத்தா இன்னும் மறக்கவில்லை. ஒவ்வொரு ஆண்டும் அன்றைக்கு ரத்ததான முகாம் நடத்தி அவர்களை நினைக்கிறார்கள். நீங்கள் ஐந்து நிமிடம் தாமதமாக உள்ளே போனால் ஒன்றும் குறைந்துவிடாது. கூட வந்த தங்கைகளும் சின்னப் பையன்களும் உள்ளே போய்விட்டார்களா என்று பார்த்துவிட்டுக் கடைசியில் போகிற ஒருவர் ஒவ்வொரு குழுவிலும் இருக்க வேண்டும். யார் அது என்று ரயிலிலேயே முடிவு செய்யுங்கள்.

10. உள்ளே உட்கார்ந்ததும் கோஷத்தை ஆரம்பிக்குமுன் அந்த ஸ்டேடியத்தை ஒருமுறை கண்ணால் சுற்றிப் பாருங்கள். 1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு இங்கே 1,31,781 பேர் வந்தார்கள். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று மோகன் பகானை வென்றது. 2011இல் அர்ஜென்டினா ஜெர்சியில் மெஸ்ஸி ஆடிய புல் இது. 2017இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதியில், இரண்டு கோல் பின்தங்கிய இங்கிலாந்துப் பிள்ளைகள் ஸ்பெயினை 5-2 என்று புரட்டிப்போட்டதும் இங்கேதான்.

நமக்கும் இங்கே ஒரு பங்கு உண்டு. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோது, கொல்கத்தா அணியுடனான ஐ.எஸ்.எல். அரையிறுதியின் முதல் ஆட்டத்தைச் சொந்த ஊரில் ஆட முடியாமல் புனேயில் ஆடினோம், 3-0 என்று வென்றோம். இரண்டாவது ஆட்டம் இந்த சால்ட் லேக்கில். 2-1 என்று தோற்றும், மொத்தக் கோல் கணக்கில் முந்தி இறுதிக்குப் போனோம். அந்த வருடக் கோப்பை நம்முடையது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து நின்ற ஊருக்கு அந்தக் கோப்பை என்னவாக இருந்தது என்று அப்போது சின்னவர்களாக இருந்த உங்களுக்குத் தெரிய வேண்டும். பக்கத்திலிருக்கும் புதியவர்களுக்கும் சொல்லுங்கள்.

11. ஜெயித்தாலும் தோற்றாலும் போலீஸ்காரர் சொல்லும்வரை கேலரியை விட்டு எழாதீர்கள். நம் ஆட்டக்காரர்கள் வந்து கைதட்டும்வரை நில்லுங்கள். அவர்களும் வெளியூரில்தான் இருக்கிறார்கள்.

12. அன்றிரவே ஹௌரா மெயிலைப் பிடிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். நள்ளிரவுக்குச் சற்று முன் கிளம்பும் ரயில், மேட்ச் கூட்டத்தில் மாட்டினால் அவ்வளவுதான். மறுநாள் பிற்பகல் கோரமண்டலில் திரும்பினால் ஒரு காலைப்பொழுது கையில் கிடைக்கும். அதில் குமார்டுலிக்குப் போங்கள், ஷோபாபஜார் மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். குறுகலான சந்துகளில் மூங்கில் சட்டத்தில் வைக்கோலைக் கட்டி, அதன்மேல் களிமண் பூசிச் சாமி சிலை செய்கிறார்கள். குளிர்காலமானால் சரஸ்வதி பூஜைக்கான சிலைகள் வரிசையாகத் தலையில்லாமல் காய்ந்துகொண்டிருக்கும். தலையையும் விரல்களையும் தனியாகச் செய்து பிறகுதான் பொருத்துவார்கள். வேலை செய்கிறவரிடம் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

அந்த வட்டாரத்திலேயே 1844இல் தொடங்கிய கிரீஷ் சந்திர தே - நகுர் சந்திர நந்தி சந்தேஷ் கடை இருக்கிறது. குளிர்காலத்தில் மட்டும் ஈச்சமரத்துப் பதநீரைக் காய்ச்சி எடுக்கிற புது வெல்லத்தில் சந்தேஷ் போடுவார்கள். நம் கருப்பட்டியைவிட மெல்லிய, புகைவாசம் கலந்த இனிப்பு. வீட்டுக்கு வாங்குவதானால் கெட்டியாகக் கிண்டிய வகையைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே வெல்லப்பாகு ததும்புகிற மெத்து வகையைக் கடை வாசலிலேயே நின்று சாப்பிட்டுவிடுங்கள். அது விஜயவாடாவரைகூடத் தாங்காது.