கண்டதை எழுதி வைப்போம்
(பறவை நோக்குதல்: ஒரு தொடக்கப் பாடம்)



விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும் நம் நண்பர்கள், "வழியில் ஒரு நீல நிறப் பறவை பார்த்தோம், அடடா, என்ன அழகு!" என்று சொல்வதுண்டு. எந்த இடத்தில் பார்த்தீர்கள், எத்தனை மணிக்கு, எத்தனை பறவைகள், எதன்மேல் உட்கார்ந்திருந்தது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பார்த்த மகிழ்ச்சி அவர்களோடு நின்றுவிடுகிறது. அதே பறவையைப் பற்றி நான்கு வரி குறித்து வைத்திருந்தால், அது பத்தாண்டு கழித்தும் பயன்படும் தகவலாகியிருக்கும். அந்த நான்கு வரியை எழுதுவது எப்படி என்பதே இந்தக் கட்டுரை.

நான் பறவையியல் படித்தவன் அல்லன். பொறியியலில் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, பாதைப் பராமரிப்பிலேயே காலம் கழித்து ஓய்வு பெற்றவன். எங்கள் துறையில் கீமேன் என்று ஒரு தொழிலாளி உண்டு. தினமும் தன் எல்லைக்குட்பட்ட தண்டவாளத்தை நடந்தே பார்த்து வருவார். போகும்போது ஒரு பக்கத் தண்டவாளம், திரும்பும்போது மறுபக்கம். எந்தக் கோளாறும் இல்லாத நாளிலும் "சரியாக இருக்கிறது" என்று பதிவாக வேண்டும். புதிதாக வந்தவர்கள், ஒன்றும் இல்லாததற்கு எதற்குப் பதிவு என்பார்கள். நேற்று வரை நன்றாக இருந்தது என்று தெரிந்தால்தானே, இன்று கெட்டது என்று சொல்ல முடியும்? பறவைக் குறிப்புக்கும் இதே கணக்குத்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நான் இப்போது வசிப்பது பீன்யாவில். "பீன்யாவில் ஏது பறவை? லேத்துப் பட்டறையும் லாரியும்தானே" என்று சிரிப்பார்கள். தொழிற்பேட்டைதான், மறுக்கவில்லை. ஆனால் காலை ஏழு மணிக்கு மொட்டை மாடியில் இருபது நிமிடம் நின்றால் தெரியும். தகரம் தட்டும் ஓசை ஒரு பக்கம் கேட்கும். அதற்கு நடுவே, அதே தாளத்தில், "டுக்... டுக்... டுக்..." என்று சற்றும் சளைக்காமல் இன்னொரு ஓசை வரும். அது பட்டறை அல்ல, செம்மார்புக் குக்குறுவான். சிட்டுக்குருவியை விடச் சற்றுப் பெரியது, உடம்பு பச்சை, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு. அரசு, ஆல், அத்தி மரங்களின் பழங்களைத் தேடி வரும். செம்பைத் தட்டும் கன்னானின் ஓசை போல இருப்பதால் ஆங்கிலத்திலும் கன்னான் என்ற பொருளிலேயே இதற்குப் பெயர் வைத்தார்கள். பட்டறைகளுக்கு நடுவே குடியிருக்கப் பொருத்தமான பறவைதான்.

மேலே பார்த்தால் பருந்துகள். இங்கேதான் முதல் பாடம். எங்கள் வானத்தில் அதிகம் சுற்றுவது கரும்பருந்து. கருடன் என்று நாம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் செம்பருந்தும் ஏரிப் பக்கங்களில் உண்டு. வளர்ந்த செம்பருந்தைக் குழந்தையும் அடையாளம் சொல்லும்: வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு, செங்காவி இறக்கை. ஆனால் இளம் செம்பருந்து பழுப்பு நிறத்தில் கரும்பருந்து போலவே இருக்கும். நிறத்தை நம்பினால் ஏமாந்துபோவோம். வாலைப் பாருங்கள். கரும்பருந்தின் வால் நடுவில் பிளவுபட்டு மீன்வால் போல் இருக்கும். செம்பருந்தின் வால் விசிறி போல் வளைந்திருக்கும். நிறம் வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும்; வடிவம் அவ்வளவு எளிதில் மாறாது.

ஆகவே புதிய பறவை ஒன்றைக் கண்டால் உடனே பெயரைத் தேடாதீர்கள். பெயர் பிறகு வரும். முதலில் அளவு. சிட்டுக்குருவி, மைனா, காகம், பருந்து இந்த நான்கையும் அளவுகோலாக வைத்துக்கொண்டு, எதற்குச் சமம், எதைவிடப் பெரிது என்று பாருங்கள். பிறகு அலகு, வால், கால். பிறகு அது என்ன செய்கிறது என்பது. தரையில் நடக்கிறதா, தத்துகிறதா, கம்பியில் உட்கார்ந்து பாய்ந்து பூச்சி பிடித்து மறுபடியும் அதே கம்பிக்குத் திரும்புகிறதா? இந்தக் கடைசிப் பழக்கத்தை வைத்தே கரிச்சானையும் பஞ்சுருட்டானையும் தூரத்திலிருந்து ஊகித்துவிடலாம். வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்கு எல்லாம் ஒன்றல்ல. மாட்டின் காலடியில் திரிந்து, மஞ்சள் அலகோடு இருப்பது உண்ணிக்கொக்கு. அலகும் காலும் கறுப்பாக இருந்து, பாதம் மட்டும் மஞ்சளாக இருந்தால் சின்ன வெள்ளைக்கொக்கு.

வீட்டுக்குள்ளிருந்தே தொடங்க வேண்டுமா? அமாவாசையன்று காக்கைக்குச் சோறு வைக்கிறோம். வந்தது எந்தக் காக்கை? கழுத்து சாம்பல் நிறமாக இருந்தால் வீட்டுக் காகம். உடல் முழுதும் கறுத்து, அலகு தடித்திருந்தால் அண்டங்காக்கை. எத்தனை வந்தன, எத்தனை மணிக்கு வந்தன என்று பிள்ளைகளைக் காலண்டரிலேயே குறிக்கச் சொல்லுங்கள். ஆண்டுக்குப் பன்னிரண்டு குறிப்பு, ஒரு செலவும் இல்லை.

பெயர் விஷயத்தில் நம் குடும்பங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலப் பெயர் படிக்கிறார்கள், தெருவில் கன்னடப் பெயர் கேட்கிறார்கள், பாட்டி சொல்லும் பெயர் வேறாக இருக்கிறது. பாட்டிகளுக்குள்ளும் ஒற்றுமை கிடையாது. ஒரே பறவையைக் கரிச்சான் என்பார் ஒருவர், இரட்டைவால் குருவி என்பார் மற்றவர், வலியன் என்பார் இன்னொருவர். கரிக்குருவி என்ற பெயரோ ஊருக்கு ஊர் ஆள் மாறும். இதைக் குறையாக எண்ண வேண்டாம். அந்தப் பெயர்களையும் எழுதி வையுங்கள், எந்த ஊர் வழக்கு என்ற குறிப்போடு. பேராசிரியர் க. ரத்னம் இப்படித்தான் தமிழில் பறவைப் பெயர்களைத் தேடித் தொகுத்தார். மா. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகளை, ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாகத் தியடோர் பாஸ்கரன் தொகுத்திருக்கிறார். பறவையைப் பற்றி நல்ல தமிழில் எழுதுவது எப்படி என்று பார்க்க விரும்புகிறவர்கள் அதைத் தேடிப் படிக்கலாம். கன்னடப் பெயர்களையும் விட்டுவிடாதீர்கள். நவிலு என்றால் மயில், கோகிலே என்றால் குயில், காகே என்றால் காக்கை, குப்பச்சி என்றால் சிட்டுக்குருவி. மத்தூரை அடுத்துள்ள கொக்கரேபெள்ளூர் பெயரிலேயே பறவையை வைத்திருக்கிறது. அங்கே மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள் வீட்டோர மரங்களிலேயே கூடு கட்டும். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. மொழி வேறானாலும் இரண்டு ஊர் மக்களும் பறவையை விரட்டுவதில்லை.

இனி குறிப்பு எழுதும் முறை. என் நோட்டிலிருந்து ஒரு நாளை அப்படியே தருகிறேன்.

"12.1.2025, ஞாயிறு. பீன்யா, மொட்டை மாடி. காலை 7.05 முதல் 7.25 வரை. லேசான பனி. கரும்பருந்து 14. வீட்டுக் காகம் 9. மாடப்புறா 30-க்கு மேல் (எதிர்க் கூரையில்). மைனா 4. செம்மார்புக் குக்குறுவான் 1, குரல் மட்டும். தகைவிலான் 6, கம்பியில். சிட்டுக்குருவி இல்லை."

கடைசி இரண்டு சொற்கள்தான் கீமேன் எழுதும் வரி. அந்த இருபது நிமிடத்தில் எனக்கு அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எழுதியிருக்கிறேன், அழகானதை மட்டும் அல்ல. அதனால்தான் எழுதாத பறவைக்கும் பொருள் வருகிறது. எல்லாவற்றையும் எழுதிய பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டிருந்தால், தேடியும் அது கண்ணில் படவில்லை என்று ஆகும். மயிலையும் மீன்கொத்தியையும் மட்டும் எழுதிய பட்டியலில் குருவி விடுபட்டிருந்தால் ஒன்றும் புரியாது.

சிட்டுக்குருவி போய்விட்டது என்று எல்லோரும் சொல்கிறோம். எப்போது போயிற்று? எந்தத் தெருவில் முதலில் குறைந்தது? நாற்பது ஆண்டுக்கு முன் பெங்களூரில் வாழ்ந்த நம் பெரியவர்கள் மாதம் ஒரு வரி எழுதி வைத்திருந்தால் இன்று பதில் இருந்திருக்கும். குறிப்பு இல்லாத இடத்தில் வதந்தி வந்து உட்காருகிறது. செல்போன் கோபுரம்தான் குருவியைக் கொன்றது என்று ஆணித்தரமாகச் சொல்கிறவர்கள் உண்டு. 2020-ல் வெளிவந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்ற அறிக்கை, நாடு முழுவதும் எடுத்துப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறத்தாழ நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்து வருகிறது என்று சொன்னது. கோபுரக் கதைக்குச் சான்று இல்லை என்றும் சொன்னது. அந்த அறிக்கைக்கு ஆதாரம் எது தெரியுமா? சுமார் 15,500 பறவை நோக்குவோர் எழுதிக் கொடுத்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட குறிப்புகள். விஞ்ஞானிகள் மட்டுமல்ல, நம்மைப் போன்றவர்களும் அதில் உண்டு.

2023-ல் அடுத்த அறிக்கை வந்தது. இம்முறை ஏறக்குறைய 30,000 பேர், மூன்று கோடிக் குறிப்புகள், 942 பறவை இனங்கள். அவற்றில் 178 இனங்கள் உடனடிக் கவனம் தேவைப்படுபவை என்று கண்டார்கள். அந்த அறிக்கையில் என் மனத்தை வருத்தியது பனங்காடையைப் பற்றிய செய்தி. கட்டுரைத் தொடக்கத்தில் சொன்ன நீலப் பறவை பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். உட்கார்ந்திருக்கும்போது பழுப்பேறி மங்கலாகத் தெரியும். இறக்கையை விரித்துவிட்டால் கருநீலமும் வெளிர்நீலமும் பளிச்சிடும். கர்நாடகத்தின் மாநிலப் பறவை இதுதான், நீலகண்ட என்பார்கள். தெலங்கானாவிலும் ஒடிசாவிலும் இதுவே மாநிலப் பறவை. ரயில் பாதையோரத் தந்திக் கம்பிகளில் வெகு சாதாரணமாக உட்கார்ந்திருந்த பறவை. இன்று அது வெகுவாகக் குறைந்து வருகிறது, உலக அளவில் அதன் நிலையை மறுபடியும் மதிப்பிட வேண்டும் என்று அந்த அறிக்கை பரிந்துரைத்திருக்கிறது. சாதாரணப் பறவை என்று யாரும் எழுதாமல் விட்டிருந்தால், இந்தக் குறைவு யார் கண்ணிலும் பட்டிருக்காது.

எழுதியதை எங்கே சேர்ப்பது? பெங்களூர் இதற்குப் பழைய ஊர். டாக்டர் ஜோசப் ஜார்ஜ் முதலியோர் 1972-ல் இங்கே ஒரு பறவை நோக்குவோர் குழுவைத் தொடங்கினார்கள். மாதத்தின் இரண்டாவது ஞாயிறன்று லால்பாக்கில் கூடுவது அவர்கள் வழக்கம். 2007-ல் இங்குள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலிருந்து, வலசை வரும் பறவைகளை முதன்முதலாகக் கண்ட தேதியைப் பொதுமக்களிடம் கேட்டு வாங்கும் திட்டம் தொடங்கிற்று. குளிர்காலத்துக்கு முன்னால் வாய்க்கால் ஓரம் வந்து வாலை ஆட்டும் கரும்சாம்பல் வாலாட்டியை முதலில் எந்த நாளில் கண்டீர்கள் என்பதே ஒரு செய்திதான். இப்போது பெரும்பாலோர் ‘இ-பேர்ட்’ என்ற உலகளாவிய பதிவேட்டில் சேர்க்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் 2002-ல் தொடங்கியது அது. கைப்பேசியிலேயே எழுதலாம், கட்டணம் இல்லை. எழுதத் தெரியாத பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளைகள் பதியட்டும்.

சில கட்டுப்பாடுகள் உண்டு. கூட்டின் அருகே போக வேண்டாம், கூடு இருக்கும் இடத்தை ஊரெல்லாம் பரப்பவும் வேண்டாம். படம் எடுப்பதற்காகப் பறவையைக் கிளப்பிவிடக் கூடாது. பதிவு செய்த குரலைப் போட்டு வரவழைப்பதும் அதற்குத் தொல்லைதான். சந்தேகமாக இருந்தால் "உறுதி இல்லை" என்று எழுதுங்கள். ஊகத்தை உறுதியாக எழுதிய ஒரு வரி பத்து நல்ல வரிகளைக் கெடுக்கும். கூண்டுக் கிளியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நம் நாட்டுக் கிளிகளை வீட்டில் அடைத்து வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

ரயிலில் போகும்போது பார்ப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. "பெங்களூரிலிருந்து சென்னை வரை பனங்காடை 3" என்று எழுதினால் பயன் மிகக் குறைவு, ஏனென்றால் எந்த இடம் என்று தெரியாது. ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷன் வரை தனித்தனியாக எழுதுங்கள். குப்பத்திலிருந்து ஜோலார்பேட்டை வரைக்கும் கண்ணை வெளியே வைத்துக்கொண்டால் போதும். பழைய தந்திக் கம்பிகள் இப்போது இல்லை. வயலில் போகும் மின்கம்பிகளைப் பாருங்கள். எந்தப் பக்கத்து ஜன்னல் என்பதையும் குறியுங்கள்.

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. முறை எளிது: எந்த இடத்திலும் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எண்ணி எழுதிச் சேர்ப்பது. நம்மில் பாதிப் பேர் அந்த நாட்களில் ஊரில்தான் இருப்போம். மாட்டுப் பொங்கலன்று காலை, மாட்டைக் குளிப்பாட்டக் கூட்டிப் போகும் ஏரிக்கரையில் பதினைந்து நிமிடம் கிடைக்காதா? சொந்த ஊர் ஏரியின் பட்டியல் ஒன்று, பெங்களூர் வீட்டு மாடியின் பட்டியல் ஒன்று, இரண்டையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். சிட்டுக்குருவி எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.