வதந்தியின் வேகமும் வைப்புத்தொகையின் பாதுகாப்பும்

2019 செப்டம்பர் மாத இறுதியில், பஞ்சாப் மற்றும் மகாராஷ்டிரக் கூட்டுறவு வங்கியிலிருந்து பணம் எடுப்பதற்கு இந்திய ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. அது உண்மைச் செய்தி. அதனைத் தொடர்ந்து, வேறு சில வணிக வங்கிகளும் நிரந்தரமாக மூடப்படவுள்ளன என்றொரு பொய்ச் செய்தி வாட்ஸ்அப் வழியே பரவியது. செப்டம்பர் 25 அன்று ரிசர்வ் வங்கி அதனை வெளிப்படையாக மறுத்தது.

அந்நாட்களில் ஓய்வூதியர் ஒருவர் எங்கள் கிளைக்கு வந்து, தம் வைப்புத்தொகை முழுவதையும் முதிர்வுக்கு முன்பே திருப்பித் தருமாறு கேட்டார். ரிசர்வ் வங்கியின் மறுப்பைக் காட்டியும் அவர் மனம் அமைதியடையவில்லை. சில வாரங்களுக்குப் பின் அதே தொகையுடன் மீண்டும் வந்தார். அதற்குள் வட்டி விகிதம் குறைந்திருந்தது. முன்கூட்டியே முடித்ததால் பழைய வட்டியிலும் ஒரு பகுதியை இழந்திருந்தார். வங்கிக்கு எதுவும் நேரவில்லை. இழப்பு அவருக்கே நேர்ந்தது.

பொய் ஏன் முந்துகிறது?

வதந்தி புதிதன்று. 1973 டிசம்பரில் ஜப்பானின் டொயோகவா நகரில், இரயிலில் சென்ற பள்ளி மாணவியரின் விளையாட்டுப் பேச்சே திரிந்து, அங்குள்ள ஒரு வங்கியின் வாயிலில் வாடிக்கையாளர்களைத் திரளச் செய்தது. அன்று வாய்மொழியாகச் சில நாட்களில் பரவியது, இன்று சில நிமிடங்களில் பரவுகிறது.

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள், 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்து, 2018-இல் தம் முடிவுகளை 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டனர். உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு செய்யப்படும் வாய்ப்பு 70 விழுக்காடு மிகுதி என்றும், 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்கு ஆறு மடங்கு நேரம் தேவைப்பட்டது என்றும் அவர்கள் கண்டனர். இவ்வேறுபாட்டுக்குத் தானியங்கிக் கணக்குகள் காரணமல்ல, மனிதர்களே காரணம் என்பது அவ்வாய்வு உணர்த்தும் பாடம். பொய்யில் புதுமையும் வியப்பும் மிகுந்திருப்பதால் அதனைப் பிறருக்குச் சொல்லும் ஆர்வம் எழுகிறது. நெருக்கடிக் காலத்தில் அச்சமும் சேர்ந்துகொள்கிறது.

அச்சத்தை அறுவடை செய்வோர்

2020 மார்ச் மாதத்தில் பி.எம். கேர்ஸ் நிதி தொடங்கப்பட்டவுடன், அதன் யு.பி.ஐ. முகவரியினின்று ஓரெழுத்தே வேறுபட்ட போலி முகவரிகள் தோன்றின. கடன் தவணைகளை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி இசைவு அளித்தபோது, அதற்கு உதவுவதாகக் கூறி ஓ.டி.பி. எண்ணைக் கேட்டறிந்து மோசடி செய்யும் முயற்சிகளும் நடைபெற்றன. தவணை ஒத்திவைப்புக்கு ஓ.டி.பி. தேவையே இல்லை. உண்மையான அறிவிப்பு ஒன்றின் மீதே இத்தகைய பொய்கள் கட்டப்படுகின்றன என்பதைக் கவனித்தல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

* செய்தியைப் பகிருமுன் "இது உண்மைதானா?" என ஒரு கணம் நின்று எண்ணுக. கொரோனா காலத்தில் நடத்தப்பெற்ற ஓர் ஆய்வில், இவ்வாறு சிந்திக்கத் தூண்டிய சிறு நினைவூட்டலே பகிர்வின் தரத்தை உயர்த்தியது.
* பலமுறை முன்னனுப்பப்பட்ட செய்திகளில் வாட்ஸ்அப் காட்டும் இரட்டை அம்புக்குறியை நம்பகத்தின் அடையாளமாகக் கொள்ளாதீர்.
* வங்கி பற்றிய செய்தியை ரிசர்வ் வங்கியின் இணையதளத்திலோ தங்கள் கிளையிலோ உறுதிசெய்க.
* வங்கி ஒன்றில் ஒரு வைப்பாளருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து 5 இலட்சம் ரூபாய் வரை வைப்புத்தொகைக் காப்பீடு 2020 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது என்பதை நினைவிற்கொள்க.
* ஓ.டி.பி., ரகசியக் குறியீட்டு எண் ஆகியவற்றை எவருக்கும் தெரிவிக்காதீர். ஏமாற நேர்ந்தால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணை அழைத்திடுக, வங்கிக்கும் தெரிவித்திடுக.

ஐயம் எழும்போது கிளைக்கு வந்து வினவத் தயங்க வேண்டா. அவ்வினாவுக்கு விடையளிப்பதும் எங்கள் பணியே. வைப்புத்தொகையை முடிப்பதற்கான படிவத்தில் கையொப்பமிடுமுன் அதனைக் கேட்டுவிடுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.